மெஷினை வாடகைக்கு எடுப்பதற்கு முன்னால் தடிமனைப் பாருங்கள்

ஹாலுக்கு மரத் தரை என்றதும் பேச்சு நேராக நிறத்துக்கும் பளபளப்புக்கும் போய்விடுகிறது. நான் முதலில் கேட்கச் சொல்வது, பழசானால் மெஷினால் தேய்த்துப் புதுப்பிக்க மேலே எத்தனை மில்லிமீட்டர் மரம் இருக்கிறது என்பதை. ஒவ்வொரு முறை மெஷின் வைத்துத் தேய்க்கும்போதும் அரை மி.மீ.யிலிருந்து ஒரு மி.மீ. வரை போய்விடும், போனது போனதுதான்.

முழு மரப் பலகை பெரும்பாலும் 18 முதல் 20 மி.மீ. தடிமன். கேட்க நிறைய மாதிரி இருக்கும், ஆனால் பலகைகளைக் கோக்கும் நாக்கும் காடியும் பலகையின் பக்கவாட்டில், நடுவாக்கில் இருப்பதால், நாக்குக்கு மேலே உள்ள ஆறு மி.மீ. சொச்சம்தான் நம் கையிருப்பு. எஞ்சினியர்டு பலகை என்றால் அடியில் பிளைவுட், மேலே நிஜ மரத்தில் ஒரு ஏடு; அந்த ஏடு சிலவற்றில் 2 மி.மீ., சிலவற்றில் 6 மி.மீ., மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், அதனால் மாதிரிப் பலகையைக் கையில் வாங்கி வெட்டு முனையைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். லேமினேட்டில் மேலே இருப்பது மரத்தின் படம் அச்சடித்த தாள். அதைத் தேய்க்கவே முடியாது, பாழானால் மாற்ற வேண்டியதுதான்.

எந்த மரம் என்பதில் நான் அவ்வளவு பிடிவாதக்காரன் இல்லை. கடினத்தை அளக்கும் ஜாங்கா எண்ணில் சிவப்பு ஓக் 1,290, தேக்கு அதைவிடக் குறைவு. ஆனாலும் தேக்கில் இயல்பாகவே எண்ணெய் இருப்பதால் ஈரம் ஏறி இறங்கினாலும் அதிகம் அசையாது. ஜாங்கா எண்ணைவிடப் பலகையை அறுத்த விதம் முக்கியம் என்பேன். மரத்தின் வளர்ச்சி வளையத்தை ஒட்டி அறுத்த பலகை, வளையத்துக்குக் குறுக்கே அறுத்த பலகையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கி விரியும். நீளவாக்கில் மரம் அசைவதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம், ஆட்டமெல்லாம் அகலத்தில்தான். அதனால்தான் சுவரோரம் 10, 12 மி.மீ. இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால் மறைக்கிறார்கள். ‘இடைவெளியே இல்லாமல் நெருக்கிப் போட்டிருக்கிறேன் பாருங்க’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால் பயப்படுங்கள். ஈரக் காலம் வந்ததும் விரிய இடமில்லாமல் நடுவில் கூடாரம் மாதிரி எழும்பும்.

பழைய தரையை மீட்பதாக இருந்தால் தடிமனை எப்படிப் பார்ப்பது? வாசல்படியில் உள்ள பட்டியைக் கழற்றினால் பலகையின் முனை தெரியும். மேலேயே ஆணித் தலைகள் பளிச்சென்று எட்டிப் பார்த்தாலோ, ஓரங்கள் சிலாம்பு சிலாம்பாகப் பெயர்ந்து வந்தாலோ, ஏற்கெனவே பலமுறை தேய்த்தாகிவிட்டது என்று அர்த்தம். அந்தத் தரைக்கு மெஷின் வேண்டாம், சுத்தம் செய்து எண்ணெய் கொடுத்தால் போதும்.

அப்புறம், நடமாட்டம் அதிகமுள்ள இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் பூச்சு இன்னும் உயிரோடு இருக்கிறது. மேலோட்டமாக உரசி இன்னொரு கோட் அடித்தாலே தேறிவிடும். உள்ளே இறங்கி அந்த இடம் கறுத்தால்தான் மரம் வெறுமையாக இருக்கிறது. முழுசாகத் தேய்க்கச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் இந்தச் சொட்டை விட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

பலகையின் நடுப்பகுதி குழிந்து ஓரங்கள் தூக்கியிருந்தால், அடியில் ஈரம் இருக்கிறது. ஆத்திரப்பட்டு அதன்மேல் மெஷினை ஓட்டி மட்டமாக்கினால், பிறகு ஈரம் காய்ந்து பலகை தன் நிலைக்குத் திரும்பும்போது, தேய்ந்த ஓரங்கள் தாழ்ந்து நடுப்பகுதி மேடாகிவிடும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, அதை நிறுத்தி, மாதக்கணக்கில் ஆனாலும் காயவிட்டுத்தான் தொட வேண்டும். பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்காமல் தூசி கிளப்பாதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் கண்டிப்பாக.

தேய்ப்பது என்று இறங்கிவிட்டால், ஆணிகளைப் பலகைக்குள் 2, 3 மி.மீ. இறக்கிவிடுங்கள், ஒன்று துருத்தினாலும் உப்புத்தாள் கிழியும். உப்புத்தாளின் எண் கூடக்கூட அது நைசாகும்; 40-ஆம் எண் தாளில் ஆரம்பித்து 60, 80, பிறகு 100 அல்லது 120, இடையில் எதையும் தாண்டக் கூடாது. 40 போட்ட கீறலை 120 அழிக்காது, வார்னிஷ் அடித்த பிறகு வெளிச்சம் சாய்வாக விழும்போது எல்லாம் தெரியும். உருளை மெஷினை மர ரேகை ஓடும் திசையிலேயே ஓட்டுங்கள், நகரத் தொடங்கிய பிறகுதான் உருளையை இறக்க வேண்டும், நிற்பதற்கு முன்னால் தூக்கிவிட வேண்டும். ஒரு நொடி நின்ற இடத்தில் சுற்றினாலும் குறுக்கே ஒரு பள்ளம், அதைச் சரிசெய்ய சுற்றிலும் ஒரு மி.மீ. செலவாகும்.

பூச்சில் என் ஓட்டு எண்ணெய்க்கு, காரணம் எளிது: கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் உரசி மறுபடி பூசலாம். மேலே பிளாஸ்டிக் படலம்போல நிற்கும் பாலியூரிதேன் பூச்சு கூடுதல் நாள் உழைக்கும், ஆனால் தேய்ந்துபோனால் ஒட்டுப்போட்டது தெரியும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், காயும்போது அதுவே சூடேறித் தானாகத் தீப்பிடிக்கும். விரித்துப்போட்டுக் காயவையுங்கள், இல்லை தண்ணீரில் முக்கி வையுங்கள். பூச்சு தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், முழுசாக இறுக வாரக்கணக்கில் ஆகும், அதுவரை கம்பளம் விரிக்க வேண்டாம். சோபாவை அதற்கு முன்பே உள்ளே கொண்டுவரலாம், கால்களுக்கு அடியில் ஃபெல்ட் ஒட்டி, இழுக்காமல் தூக்கி வைத்தால் சரி.