காலையில் முதல் பத்து அடி: குதிகால் நாண் வலியோடு ஓடலாமா?

குதிகாலுக்கு மேலே, பின்பக்கம், இரண்டு விரலால் பிடித்தால் முறுக்கிய கயிறு மாதிரி கைக்கு அகப்படுகிறதே, அதுதான் அக்கிலிஸ் நாண். ‘குதிநரம்பு’ என்று பலர் சொல்வார்கள், ஆனால் அது நரம்பு இல்லை. கெண்டைக்கால் தசைகளைக் குதிகால் எலும்போடு கட்டிவைக்கும் நாண். உடம்பில் இருப்பதிலேயே தடித்தது. ஓடும்போது அடிக்கு அடி, உடல் எடையைப்போல் 6 முதல் 8 மடங்கு வரை இழுவையைத் தாங்குகிறது. (குதிகாலுக்கு அடியில், பாதத்தில் குத்தினால் அது வேறு நோவு. குதிகால் வாதம் என்று சொல்வது பெரும்பாலும் அதைத்தான். இங்கே பேசப்போவது பின்பக்க வலியை மட்டும்.)

இது வலித்தால் அக்கம்பக்கத்தில் இரண்டு அறிவுரை கிடைக்கும். ‘ஒன்றரை மாசம் காலை அசைக்காதே’ என்பார் ஒருவர். ‘ஓட ஓடத் தானா சரியாயிடும்’ என்பார் இன்னொருவர். இரண்டுமே ஆபத்து. படுத்தே கிடந்தால் வலி அடங்கும்தான். ஆனால் அந்த வாரங்களில் கெண்டைக்கால் தசை இளைக்கும், நாணின் தாங்குதிறனும் இறங்கும். பிறகு பழைய ஐந்து கிலோமீட்டரை ஒரே மூச்சில் ஓடினால் அந்த வாரமே வலி திரும்பி வரும். இரண்டாவது அறிவுரையை நம்புகிறவர்களை ஏமாற்றுவது நாணின் ஒரு குணம்: ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், பத்து நிமிடத்தில் சூடேறியதும் மறைந்துவிடும். சரியாகிவிட்டது என்று வேகத்தைக் கூட்டுவார்கள். மறுநாள் காலை கட்டிலைவிட்டு இறங்கும்போதுதான் நாண் கணக்கு கேட்கும்.

ஆகவே பார்க்க வேண்டியது ஓடும்போது வலிக்கிறதா என்பதை மட்டும் அல்ல. மறுநாள் காலை முதல் பத்து அடி எப்படி இருக்கிறது என்பதையும்தான். ஸ்வீடனில் காரின் சில்பர்நாகல் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 38 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் ஒரே பயிற்சி. ஒரு பிரிவினர் முதல் ஆறு வாரம் ஓட்டத்தையும் குதித்தலையும் விட்டுவிட வேண்டும். மற்றவர்கள் வலிக்கு ஒரு வரம்பு வைத்துக்கொண்டு தொடரலாம். தொடர்ந்தவர்கள் பின்தங்கவில்லை, இரு பிரிவினரும் நன்றாகவே தேறினார்கள். அந்த வரம்பு இதுதான்: வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாதது 10. இரண்டு வரை கவலை வேண்டாம். ஐந்து வரை பொறுக்கலாம். ஐந்தைத் தாண்டினால் அன்றைக்கு அவ்வளவுதான், நடந்து வீட்டுக்குப் போங்கள். இதோடு, மறுநாள் காலைக்குள் வலி வழக்கமான அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். காலை விறைப்பு வாரத்துக்கு வாரம் கூடவும் கூடாது. காலண்டரில் தினம் காலை முதல் பத்து அடியின் வலிக்கு ஒரு எண்ணைக் குறித்து வையுங்கள். நினைவை நம்ப வேண்டாம். ஓடுவதற்கு முன் வலி மாத்திரை போட்டால் இந்த அளவுகோலே பொய்யாகிவிடும்.

பயிற்சிக்குப் போகும் முன் வலிக்கும் இடத்தை விரலால் தேடுங்கள். குதிகால் எலும்பிலிருந்து 2 முதல் 6 செ.மீ. மேலே, நாணின் நடுவில் அழுத்தினால் வலிக்கிறதா? அல்லது நாண் எலும்பில் போய்ச் சேருகிற இடத்திலேயே வலிக்கிறதா? இதைப் பிரித்துப் பார்க்காமல் செய்வதுதான் அதிகம் நடக்கிற தவறு. சேருமிடத்தில் வலி என்றால், பாதம் மேல்நோக்கி மடங்கும்போதெல்லாம் நாண் எலும்போடு நசுங்கும். படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே தொங்கவிடுவது, சுவரைத் தள்ளிக் கெண்டைக்காலை நீட்டுவது, குதிகால் தரையில் பட உட்காரும் இந்தியக் கழிப்பறை, தட்டையான ரப்பர் செருப்பு எல்லாமே அதைக் கிளறும். இவர்கள் தரைமட்டத்துக்குக் கீழே குதிகாலை இறக்கவே கூடாது. செருப்புக்குப் பதிலாகக் குதிகால் ஒரு செ.மீ. அளவு உயர்ந்த காலணியை வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டால் சில வாரம் நிம்மதி கிடைக்கும்.

வலி அதிகமாக இருக்கும் முதல் நாட்களில் அசையாத பயிற்சி போதும். சுவரைப் பிடித்து, குதிகாலைப் பாதி உயரத்துக்குத் தூக்கி எக்கி, 45 விநாடி அப்படியே நில்லுங்கள். நடுவில் இரண்டு நிமிடம் விட்டு ஐந்து முறை. இரண்டு காலாலும் தொடங்கி, முடிந்தால் ஒற்றைக் காலுக்கு மாறலாம்.

அது பழகியதும் எக்கி இறங்குவது. மூன்று விநாடி ஏற்றம், மூன்று விநாடி இறக்கம். 15 முறை வீதம் மூன்று சுற்று. முழங்காலை நேராக வைத்து ஒரு தொகுதி. பிறகு முழங்கால் மடங்கியபடி இன்னொன்று: நாற்காலியில் உட்கார்ந்து, தொடை நுனியில் 10 கிலோ அரிசிப் பையை வைத்துக் குதிகாலைத் தூக்குங்கள். உட்கார்ந்து செய்வதில் வேலை வாங்கப்படுவது அடித்தசை, அதாவது கெண்டைக்காலில் உள்பக்கமாக அடியில் இருக்கும் தசை. ஓட்டத்தில் பெரும் சுமை அதன்மேல்தான் விழுகிறது, ஆனால் ‘நின்று செய்தால் போதாதா’ என்று பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

ஸ்வீடன் மருத்துவர் ஹாகன் ஆல்ஃபிரெட்சன் 1998-இல் எழுதிய பழைய முறை, படிக்கட்டு விளிம்பில் இறக்கத்தை மட்டும் செய்வது: காலை, மாலை இரண்டு வேளை, நாளுக்கு 180 முறை, 12 வாரம். நடுப்பகுதி வலிக்கு அது பலன் தருகிறது. ஆனால் வேலைக்குப் போகிறவர் எத்தனை பேர் தினம் 180 முறை செய்வார்கள்? டென்மார்க்கில் 2015-இல் வெளியான ஒப்பீட்டில், வாரம் மூன்று நாள் மட்டும், கனமான எடையோடு மெதுவாகச் செய்தவர்களுக்கும் அதே அளவு முன்னேற்றம் கிடைத்தது. என் ஓட்டு இதற்குத்தான். கடும் பயிற்சிக்குப் பிறகு நாணில் முதல் ஒரு நாளுக்குச் சிதைவு, வளர்ச்சியை மிஞ்சி நிற்கும். அதன் பிறகுதான் கட்டுமானம் முந்தும். ஒரு நாள் இடைவெளி விடுவதற்குக் காரணம் அதுதான்.

பலரும் கோட்டைவிடுவது எடையில். மூன்றாவது வாரத்தில் வலி பாதியாகும், அதோடு பயிற்சி நிற்கும். அல்லது மாதக்கணக்கில் வெறும் உடல் எடையிலேயே தேங்கிவிடும். 15 முறை சிரமமில்லாமல் வந்தால் முதுகுப் பையில் ஐந்து கிலோ ஏற்றி, முறைகளைப் பத்துக்குக் குறையுங்கள். பிறகு பத்து கிலோ, எட்டு முறை. வலியில்லாத காலால் எத்தனை முறை ஒற்றைக்காலில் எக்க முடிகிறதோ, வலித்த காலும் அந்த எண்ணிக்கைக்கு வரவேண்டும்.

ஓட்டத்தில் எதைக் குறைப்பது? முதலில் வேகத்தையும் மேட்டையும். தூரம் அடுத்ததுதான். கடற்கரையின் நெகிழ்ந்த மணல் மெத்தென்று இருப்பதால் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. குதிகால் புதைந்து நாண் கூடுதலாக இழுபடும், கெட்டியான தரையே மேல். அரைமணி நேர வேக நடையில் வலி இரண்டைத் தாண்டவில்லை என்றால், ஒரு நிமிடம் மெல்லோட்டம், ஒரு நிமிடம் நடை, பத்து தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள். காலை எண் ஏறாமல் இருந்தால் ஓடும் நிமிடங்களை மட்டும் கூட்டுங்கள். அது முழு அரைமணி நேரமான பிறகே வேகம். பேட்மின்டன் ஆடுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கோர்ட்டுக்குத் திரும்ப வேண்டும். திடீர்ப் பாய்ச்சலும் குதிப்பும் ஓட்டத்தைவிடக் கடுமை.

சில நிலைகளில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி ‘டப்’ என்று ஓர் உணர்வு, அதன் பிறகு ஒற்றைக்காலில் எக்க முடியவில்லை என்றால் நாண் அறுந்திருக்கலாம். அன்றே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். நடக்க முடிகிறதே என்று தள்ளிப்போடாதீர்கள், மற்ற தசைகள் நடையை ஒப்பேற்றிவிடும். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லி மாத்திரை சாப்பிடும்போது வலி தொடங்கினால் பயிற்சியை நிறுத்தி, மாத்திரை எழுதியவரிடம் உடனே சொல்லுங்கள். இவை நாணை அறுக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2008-லேயே கடுமையான எச்சரிக்கை அச்சிட வைத்தது. 60 வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். இரண்டு நாணும் வலியில்லாமல் தடித்துக்கொண்டே போனால் கொழுப்புப் பரிசோதனை தேவை. காலை விறைப்பு அரைமணி நேரத்துக்கு மேல் நீடித்து, இடுப்பும் சேர்ந்து விறைத்தால் மூட்டுவாத நிபுணரிடம் போக வேண்டும். நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட ஒத்துக்கொள்ளாதீர்கள். வலி சட்டென்று குறையும், ஆனால் அறுந்துபோகும் அபாயம் உண்டு.

ஸ்கேன் அடிக்கடி எடுத்துப் பயனில்லை, வலி போன பிறகும் படத்தில் நாண் தடித்தே தெரியும். ஒழுங்காக எடை ஏற்றி 12 வாரம் செய்தும் காலை எண் அசையவில்லை என்றால், பயிற்சியோடு சேர்த்து அதிர்வலைச் சிகிச்சை (வலிக்கும் இடத்தில் கருவியால் அழுத்த அலைகளைச் செலுத்துவது) தரலாமா என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்கலாம். போகும்போது குறித்துவைத்த காலண்டரை மறக்காமல் எடுத்துப் போங்கள்.