சென்ட்ரல் டு மயிலாப்பூர்: ஆட்டோ மீட்டர் லேப்டாப்பில் ஓடியது

250 ரூபாய்! சென்ட்ரல் வாசலிலிருந்து மயிலாப்பூர் குளத்துக்கு ஆட்டோக்காரர் கேட்டது. "ஒன் வே சார், சுத்திக்கிட்டுத்தான் போவணும். ரிட்டர்ன் காலியா வரணும்." 2013 ஆகஸ்டில் அரசு அறிவித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. நேர் வழி சுமார் ஆறரை கிலோமீட்டர் என்றால் 81 ரூபாய் 40 காசு. அன்றைய பெட்ரோல் விலையா இன்று என்று ஓட்டுநர் கேட்டால், அது நியாயம்தான். அதற்காக மூன்று மடங்கா?

சுற்றினாரா இல்லையா என்று பார்க்க போனே போதும். போன் தன் இருப்பிடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். லாட்ஜ் அறையில் திறந்துவைத்த லேப்டாப்பில் ஒரு பைத்தான் நிரல் தூரத்தையும் கட்டணத்தையும் கூட்டிக்கொண்டே வரும். காசு செலவே இல்லை. போனில் இருப்பிடத்தை அனுப்பும் ஓன்ட்ராக்ஸ் ஆப், லேப்டாப்பில் அதை வாங்கி நிரலுக்குக் கொடுக்கும் மாஸ்கிட்டோ (எம்கியூடிடி என்ற செய்தி முறைக்கான புரோக்கர், அதாவது இடைத்தரகு மென்பொருள்), இரண்டையும் தனி வலையில் இணைக்க இரண்டிலும் டெயில்ஸ்கேல். எல்லாமே இலவசம்.

டெயில்ஸ்கேல் எதற்கு? லாட்ஜ் வைஃபைக்குள் இருக்கும் லேப்டாப்பை வெளியிலிருந்து நேரே எட்ட முடியாது. ரிசப்ஷனில் போய் ரவுட்டர் பாஸ்வேர்டு கேட்கவும் முடியாது. டெயில்ஸ்கேல் போட்டால் லேப்டாப்புக்கு 100 என்று தொடங்கும் நிலையான முகவரி ஒன்று கிடைக்கும். அதையும் மாஸ்கிட்டோவின் வாசல் எண்ணான போர்ட் 1883-ஐயும் ஓன்ட்ராக்ஸில் கொடுத்தால் போதும். இங்கேதான் பலரும் மாட்டுவார்கள்: மாஸ்கிட்டோ 2.0 முதல், செட்டிங் எதுவும் எழுதாவிட்டால் அது தன் சொந்தக் கணினிக்கு மட்டுமே காது கொடுக்கும். அதன் செட்டிங்குகளை எழுதும் கான்ஃபிக் ஃபைலில், வெளி இணைப்பை ஏற்கச் சொல்லும் லிசனர் வரியும் பாஸ்வேர்டு ஃபைல் வரியும் சேர்த்தே ஆக வேண்டும். லேப்டாப் தூங்கிப்போகாமல் ஸ்லீப்பை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

போனில் லொகேஷன் அனுமதி 'எப்போதும்' என்று இருக்க வேண்டும். பேட்டரி சிக்கனத்திலிருந்து ஓன்ட்ராக்ஸ், டெயில்ஸ்கேல் இரண்டையுமே விலக்குங்கள்; ஒன்றை மறந்தாலும் திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் இருப்பிடப் புள்ளிகள் வருவது நின்றுவிடும். ஓன்ட்ராக்ஸில் அடிக்கடி புள்ளி அனுப்பும் 'மூவ்' மோடு, 10 விநாடி இடைவெளி. 30 விநாடி வைத்தால், மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் ஆட்டோ அதற்குள் 250 மீட்டர் ஓடிவிடும். திருப்பங்களெல்லாம் நேர்கோடாகித் தூரம் குறைந்துவிடும். டேட்டா பற்றிக் கவலையே வேண்டாம். ஒரு புள்ளிக்கு 300 பைட் என்று வைத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு ஒரு எம்பி ஆகாது. பேட்டரிதான் கரையும், பவர் பேங்க் அவசியம்.

அடுத்தது திருவல்லிக்கேணி, ரத்னா கஃபே. இட்லியைச் சாம்பாரில் மூழ்கடித்துத் தருகிறார்கள். தீர்ந்தால் இன்னும் ஊற்றுகிறார்கள். இதற்காகவே இன்னொரு முறை சென்னை வரலாம். அந்த அரை மணி நேரம் மேஜையில் அசையாமல் கிடந்த போன், லேப்டாப் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நடந்திருந்தது! கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் புள்ளி சும்மா இருக்காது, முன்னும் பின்னும் ஆடும். பத்து விநாடிக்கு 5 மீட்டர் ஆடினாலும் 180 புள்ளிக்கு 900 மீட்டர் சேர்ந்துவிடும். ஆட்டோ சிக்னலில் நிற்கும்போதும் இதே கதைதான்.

மருந்து இரண்டு வரி. பிழை வரம்பு 30 மீட்டருக்கு மேல் என்று போனே சொல்லும் புள்ளியைத் தூக்கி எறிய வேண்டும். கடைசியாக ஏற்ற புள்ளியிலிருந்து 20 மீட்டராவது நகர்ந்திருந்தால்தான் தூரத்தில் சேர்க்க வேண்டும்.

திருவல்லிக்கேணியிலிருந்து வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில். டிக்கெட்டுக்குப் பத்து ரூபாய்த் தாள் போதும், தடம் பெரும்பாலும் மேம்பாலம் என்பதால் ரயில் ஓடும்போது புள்ளிகள் பளிச்சென்று விழுகின்றன. பிறகு பஸ்ஸில் கிண்டி, மெட்ரோவில் சென்ட்ரல். சின்னமலை தாண்டிச் சைதாப்பேட்டையில் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் ஜிபிஎஸ் செத்துவிடும். செல் டவரை வைத்து ஊகித்த புள்ளிகள் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி விழும். அவற்றை 30 மீட்டர் வரியே பிடித்துவிடுகிறது. நெட் இல்லாதபோது சேர்ந்த புள்ளிகள் பின்னால் மொத்தமாக வந்து கொட்டும். வந்த வரிசையில் கூட்டினால் வண்டி பின்னோக்கிப் போகும். ஒவ்வொரு புள்ளியோடும் வரும் நேர முத்திரைப்படி அடுக்க வேண்டும். முத்திரை யுடிசி (உலகப் பொது நேரம்), காட்டும்போது ஐந்தரை மணி கூட்டுங்கள். வரைபடத்தில் போடும்போது, புள்ளிகளை எழுதும் ஜியோஜேசன் ஃபைலில் தீர்க்கரேகைதான் முதலில், அட்சரேகை பிறகு. மாற்றிப் போட்டால் மயிலாப்பூர் ஆர்க்டிக் கடலில் மிதக்கும்.

சரி, அந்த 250 ரூபாய் ஆட்டோவுக்கு வருவோம். வடிகட்டுவதற்கு முன் 8.3 கிலோமீட்டர். வடிகட்டியதும் 6.9, அதாவது 86 ரூபாய் 20 காசு. 'சுத்திக்கிட்டு' போனதற்கு விலை 4 ரூபாய் 80 காசு.