ஏ.ஆர். சீட்டில் எழுதும் ஒரு வரி

வட ஆற்காடு என்று பெரியவர்கள் இன்னும் சொல்லும் சீமை இப்போது பல துண்டு. 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. வேலூருக்கு மிஞ்சியது வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம், கே.வி.குப்பம், பேரணாம்பட்டு என்று ஆறு தாலுகா. நடுவே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை, வடக்கே ஆந்திர எல்லை. அதனால் இங்கே சாலை விபத்தில் அடிபடுவது ஓரிடம், சிகிச்சை ஓரிடம், ஸ்டேஷன் ஓரிடம் என்று ஆவது சகஜம். பள்ளிகொண்டா பக்கம் லாரி தட்டி விழுந்தவரை அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சி.எம்.சி.க்கோ கொண்டு போய்ச் சேர்ப்பார்கள். இழப்பீட்டு வழக்கு பாதி அங்கேயே, அந்த முதல் மணி நேரத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது இதன் நகலைத்தான். யார் கூட்டி வந்தார், எத்தனை மணிக்கு, எங்கே, எப்படி அடிபட்டது என்று டியூட்டி டாக்டர் கேட்டு எழுதுவார். கூட வந்தவர் பதற்றத்தில் "பைக்ல இருந்து விழுந்துட்டாரு சார்" என்று சொன்னால் அதில் "ஸ்கிட் அண்ட் ஃபால்" என்றுதான் ஏறும். ஆறு மாதம் கழித்து இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் தூக்கிக் காட்டுவது இந்த வரியைத்தான்: வேறு வண்டியே மோதவில்லை, தானாக விழுந்தார் என்று. ஆகவே மோதிய வண்டி எது, எந்தப் பக்கமிருந்து வந்தது, நம்பர் தெரிந்தால் நம்பர், இடம், நேரம் எல்லாவற்றையும் அங்கேயே சொல்ல வேண்டும். தப்பாக ஏறிவிட்டால் போலீஸ் வாக்குமூலம் வாங்க வரும்போது நடந்ததைத் தெளிவாகச் சொல்லிப் பதிய வைத்தாக வேண்டும். சிகிச்சைச் செலவுக்காக யாரும் தயங்க வேண்டியதில்லை. முதல் 48 மணி நேரத்துக்கு மாநில அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. 2025-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை உண்டு.

எஃப்.ஐ.ஆர். 2024 ஜூலைக்குப் பிறகு என்றால், ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகளில் வரும். உயிர் போயிருந்தால் 106. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். காயச் சான்றில் அது தெளிவாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாளில் இடைக்கால அறிக்கையையும், 90 நாளில் விரிவான அறிக்கையையும் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 2022-ல் வந்த விதி. விதி இருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. எஃப்.ஐ.ஆர்., இடத்தின் வரைபடம், வண்டியைச் சோதிக்கும் மோட்டார் வாகன ஆய்வாளரின் எம்.வி.ஐ. ரிப்போர்ட், மோதிய வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், டிரைவர் லைசென்ஸ் நகல்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மனுவை எங்கே போடுவது? விபத்து நடந்த இடம், மனுதாரர் குடியிருக்கும் இடம், எதிர்மனுதாரர் (வண்டி உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி) இருக்கும் இடம் மூன்றில் எதுவானாலும் செல்லும். காட்பாடிக்காரர் சித்தூரில் அடிபட்டால் எஃப்.ஐ.ஆர். ஆந்திராவில் இருக்கும், எம்.சி.ஓ.பி. எனும் இழப்பீட்டு மனுவை வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்திலேயே போடலாம். தெலுங்கு ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு மட்டும் கூடுதல் வேலை. 2022 ஏப்ரலில் அமலான சட்டப்படி, கெடு விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம். அதைப் பற்றி உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது என்று யாராவது சொன்னாலும் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவதுதான் புத்தி.

இனி தொகை. குடியாத்தத்தில் கைத்தறி லுங்கி நெய்யும் 38 வயதுக்காரருக்கு வலது முழங்கால் அடிபட்டு மடங்காமல் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மாத வருமானம் 15,000. ஆண்டுக்கு 1,80,000. சொந்தத் தொழில், 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40% கூட்டினால் 2,52,000. ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பதற்கு வயதுவாரியாக ஓர் எண் உண்டு; 36–40 வயதுக்கு அந்தப் பெருக்கெண் 15, மொத்தம் 37,80,000. மெடிக்கல் போர்டு 20% ஊனம் என்றால் 7,56,000 என்று கணக்கை முடித்துவிடுவார்கள். ஆனால் கால் மடங்காமல் தறி மிதிக்க முடியாது. உடம்பு எத்தனை சதவீதம் போனது என்பதல்ல, சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போனது என்பதே கேள்வி என்று 2011-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை 30% என்று நிரூபித்தால் தொகை 11,34,000. மருத்துவச் செலவு, வலி வேதனை, உடனிருந்து பார்த்துக்கொண்டவர் செலவு எல்லாம் இதற்கு மேல். இதைக் கேட்காமல் விட்டால், ஒரு சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று போட்டு ஒன்றிரண்டு லட்சத்தில் முடிந்துவிடும். எனவே தறியில் உட்கார்ந்து என்ன செய்வார், இப்போது எது முடியவில்லை என்பதைச் சாட்சியத்தில் அக்கு அக்காகச் சொல்ல வேண்டும். வருமானத்துக்குச் சங்கத்தின் கூலிப் பாஸ்புக், பேங்க் வரவு, எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். ஒன்றும் இல்லையென்றால் நீதிபதி உத்தேசமாக ஒரு தொகை போடுவார். அது நிஜக் கூலிக்குக் கீழேதான் நிற்கும்.

இந்த மாவட்டத்தில் அதிகம் பேர் ஏமாறும் இடம் வேறு: சரக்கு வண்டி. அணைக்கட்டு தாலுகாவின் மலைக் கிராமங்களான பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை பக்கம் சந்தைக்கும் சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஏறுவது லோடு வண்டியில்தான். வண்டி கவிழ்ந்தால், பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை. சரக்கின் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ சரக்கோடு போயிருந்தால் மட்டுமே கவரேஜ். மற்றவர்களுக்கு உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அவருக்கு அந்த ஒரு வண்டிதான் சொத்து. டிராக்டர் டிரெய்லரும் இதே கதை. பைக்கில் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால், ஓட்டியவர் தப்பால் விழுந்த பின்சீட்டுக்காரர் கதியும் கிட்டத்தட்ட இதுதான். சரக்கு மூட்டைக்குச் சொந்தக்காரர் என்று பொய் சொல்லச் சொல்பவர்கள் உண்டு. ஏ.ஆர்.-இலும் எஃப்.ஐ.ஆர்.-இலும் மூட்டை இல்லாமல் மனுவில் மட்டும் மூட்டை வந்தால், உண்மையான காயத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்றே தெரியவில்லை என்றால் தீர்ப்பாயம் வேண்டாம். வருவாய்க் கோட்டாட்சியரிடமோ தாசில்தாரிடமோ மனு, ஆணை கலெக்டருடையது. இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000.

வக்கீல் விஷயம். ஆஸ்பத்திரி வார்டுக்கே வந்து வெற்றுப் பேப்பரில் கையெழுத்து கேட்கும் ஆளை அனுப்பிவிடுங்கள். வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதியே தடுக்கிறது. வசதி இல்லாதவர்கள் சத்துவாச்சாரியில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பார்க்கலாம், 15100-க்குப் போன் செய்யலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமான வரம்பே இல்லை.

லோக் அதாலத்தில் பேசி முடித்தால் பணம் சீக்கிரம் வரும், ஆனால் அதன்மேல் அப்பீல் கிடையாது. காலுக்குள் வைத்த பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருந்தால், அதற்கு எவ்வளவு ஆகும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போய் உட்காருங்கள்.