அம்மாவின் அடுப்பை ஆசிட் ஊற்றிக் கெடுத்து மீட்ட கதை

அம்மா 15 வருஷம் சமைத்த ரெண்டு பர்னர் கேஸ் அடுப்பு. ஸ்டீல் தகடு முழுக்க போர் தண்ணீர் உப்புக் கறை, பர்னரைச் சுற்றிப் பால் பொங்கித் தீய்ந்த பழுப்பு வளையம். தூக்கிப் போட மனசு வரவில்லை.

ஹார்டுவேர் கடையில் கேட்டேன். "இதை ஊத்துங்கக்கா, பளபளன்னு ஆயிடும்" என்று பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டைக் கையில் கொடுத்தார் கடைக்காரர். நம்பி ஊற்றினேன். அஞ்சே நிமிஷம், மூக்கு எரிந்தது. கழுவிப் பார்த்தால் ஆசிட் பட்ட இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாகச் செத்துக் கிடந்தது. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஸ்டீலைத் துருப்பிடிக்காமல் காப்பாற்றும் மெல்லிய குரோமியம் ஆக்ஸைடு படலத்தையே அது அரித்துவிடும். தயவுசெய்து யாரும் அதைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

பாத்திரம் பாலிஷ் போடும் பட்டறைக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனேன். நாலு நாள் வைத்திருந்துவிட்டு, "தகடு மெல்லிசும்மா, பாலிஷ் சக்கரத்துல பஃப் போட்டா சூட்டுல வளைஞ்சிரும்" என்று அப்படியே திருப்பித் தந்தார்கள். முதல் நாளே சொல்லியிருக்கலாம். போக வர ஆட்டோ காசு தண்டம்.

கடைசியில் நானே உட்கார்ந்தேன். ரெகுலேட்டரைக் கழற்றி, பர்னர்களை எடுத்தாயிற்று. உப்புக் கறைக்கு எலுமிச்சைச் சாறு தடவிப் பத்து நிமிஷம், தீய்ந்த இடத்துக்கு ஆப்ப சோடாவைக் குழைத்துப் பூசி ஒரு மணி நேரம். இது சுலபமாகப் போய்விட்டது.

சாம்பல் திட்டுதான் பெரும்பாடு. அதற்கு வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்), முதலில் 320 நம்பர், பிறகு அதைவிட நைசான 400. தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தலைமுடி மாதிரி மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும். அந்தக் கோட்டோடுதான் தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் காலத்துக்கும் அழியாத கீறல். சின்ன மரக்கட்டையில் பேப்பரைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் விட்டு, முதலில் பின்பக்க மூலையில் தேய்த்துப் பார்த்தேன். நிறம் ஒத்துப்போனதும்தான் முன்பக்கம் வந்தேன். திட்டு இருக்கிற இடத்தை மட்டும் தேய்த்தால் அது தனியாகத் தெரியும். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே இழுப்பாக இழுக்கணும். குமிழ் பக்கத்தில் அச்சடித்த குறிகள் மேல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். நான் ஒட்டாததால் ஒரு குறி அழிந்தே போனது. கம்பி நார் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு ரெண்டு நாளில் துருப் புள்ளியாக எழும்பும்.

மூணு மணி நேரம், தோள்பட்டை கழன்றது. துடைத்துக் காயவிட்டு, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவியதும் அந்தக் கோடுகள் எழுந்து வந்தன பாருங்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா விரலால் தடவிப் பார்த்து, "வாங்கின புதுசுல இப்பிடித்தாண்டி இருந்துச்சு" என்றாள்.

இடது பர்னர் ஓரம், ஆசிட் தேங்கிய இடத்தில் ஊசிமுனை அளவு ஏழெட்டுக் குழிகள் மட்டும் போகவில்லை. ஈரம் நின்றால் அங்கேதான் துரு பிடிக்கும். தினமும் ராத்திரி காய்ந்த துணியால் அந்த இடத்தை ஒற்றி எடுத்துவிட்டுத்தான் படுக்கப் போகிறேன்.