உள்ளங்கை வேர்வையும் உப்புத் தண்ணியும்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில பில் எழுதுற வேலை. உள்ளங்கை வேர்வையில கார்பன் தாள் நனைஞ்சு எழுத்தெல்லாம் கலங்கிப்போகும். தோல் டாக்டர் சொல்லித்தான் அயன்டோபோரசிஸ் மிஷின் வாங்கினேன்; தண்ணி வழியா லேசா கரண்டு விட்டு வேர்வையைக் குறைக்கிற மிஷின். ரெண்டு தட்டுத் தண்ணியில கையை வச்சு 15 மில்லி ஆம்பியர், 20 நிமிஷம், வாரம் 3 நாள். மோதிரத்தைக் கழட்டிரணும், கீறல்ல வாசலின் தடவணும். பேஸ்மேக்கர் வச்சவங்க, மாசமா இருக்கறவங்க பக்கமே போகக்கூடாது.

ஆர்ஓ தண்ணியில கரண்டு ஏறவே இல்ல. நம்ம போர் உப்புத் தண்ணியை ஊத்தினேன், சுருசுருன்னு பிடிச்சுக்கிச்சு! (அதுக்காவது உதவுச்சே.) நடுவுல போன் அடிக்க, மறந்துபோய் கையை உருவினேன்... சுளீர்னு ஒரு வெட்டு. "கரண்டுல கையை விட்டுட்டு உக்காந்திருக்கான் பாரு கிறுக்குப்பய"ன்னு அப்பத்தா ஒரே சத்தம்.

நேத்தோட மூணு வாரம். பில் புக்கு காஞ்சு கிடக்கு. செருப்புதான் இன்னும் வழுக்குது.