பவுடருக்குப் பலவீனமான பெட்டிதான் பத்திரம்

ரீலோடிங் பவுடரை (சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கூட்டை வீட்டிலேயே திரும்ப நிரப்பும் மருந்தை) வீட்டுக்குள் வைக்க மனசில்லாதவர்கள் முதலில் தேடிப் போவது, கட்டுமான வேலைக்காரர்கள் கருவிகளைப் பூட்டி வைக்கும் கனத்த இரும்புப் பெட்டியைத்தான். அதைக் கொல்லைப்புற ஷெட்டில் இறக்கி, பவுடர் ஜாடிகளை அடுக்கி, இரண்டு பூட்டுப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பு. திருடனைத் தடுக்க அது நல்ல பெட்டிதான். பவுடருக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது.

காரணம் பவுடரின் குணத்தில் இருக்கிறது. ரீலோடிங்குக்கு வாங்குவது ஸ்மோக்லெஸ், அதாவது புகையில்லாப் பவுடர். அதை ஒரு கரண்டி எடுத்துத் திறந்த வெளியில் கொளுத்தினால் 'புஸ்ஸ்' என்று மஞ்சள் ஜுவாலையாக எரிந்து தீர்ந்துவிடும். வெடிக்காது. அடைத்து வைத்தால் கதை வேறு. எரியும் வாயுவுக்குப் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் ஏறும். துப்பாக்கிக் குழாய்க்குள் புல்லட்டைத் தள்ளுவதே இந்தக் குணம்தான். இரும்புப் பெட்டி எவ்வளவு கெட்டியோ அவ்வளவு பெரிய குண்டு. கன் சேஃப், ரப்பர் கேஸ்கெட் வைத்த ராணுவத் தோட்டாப் பெட்டி, கப்பல் கன்டெய்னர், எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. பவுடர் ஜாடி பார்க்க அற்பமான பிளாஸ்டிக்காக இருப்பதும் சிக்கனத்துக்காக இல்லை. தீயில் சீக்கிரம் பிளந்து வாயுவை வெளியே விட வேண்டும் என்பதற்காக. அதனால் ஜாடியை மாற்றாதீர்கள். ஊறுகாய்ப் பாட்டிலில் கொட்டி வைப்பது அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

(இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு. இந்தியாவில் சட்டம் முற்றிலும் வேறு. இதைப் படித்துவிட்டு அங்கே எதையும் முயல வேண்டாம்.)

அமெரிக்காவில் பெரும்பாலும் எல்லாரும் கைகாட்டும் விதிநூல், தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 495. குடியிருப்பில் 20 பவுண்டு வரை, அதாவது சுமார் 9 கிலோ ஸ்மோக்லெஸ் பவுடரை அதன் அசல் ஜாடியிலேயே வைக்கலாம். 20-க்கு மேல் 50 பவுண்டு வரை என்றால், சுவர் குறைந்தது 1 அங்குலக் கனமுள்ள மரப்பெட்டி அல்லது மர அலமாரி வேண்டும். பிரைமர் (தோட்டாவின் அடியில் இருந்து, அடிபட்டதும் பவுடரைப் பற்ற வைக்கும் சின்ன மூடி) 10,000 வரை. இது பொது அளவு. மாசசூசெட்ஸ் மாதிரி சில மாநிலங்களும் சில நகரங்களும் இதைவிட இறுக்கிப் பிடிக்கும். உங்கள் ஊர் ஃபயர் மார்ஷல் (தீப் பாதுகாப்பு அதிகாரி) அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். வீட்டு இன்சூரன்ஸ் பத்திரத்தையும் புரட்டிப் பாருங்கள். மாத வாடகை ஸ்டோரேஜ் யூனிட்டில் கொண்டுபோய் வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் வெடிபொருளும் தோட்டாவும் கூடாது என்று எழுதியே இருக்கும்.

சரி, வெளியே வைக்கத்தான் வேண்டுமா? என் கட்சி இது: 20 பவுண்டுக்குள் இருந்தால் ஏ.சி. ஓடும் வீட்டுக்குள், பூட்டிய மர அலமாரியில் இருப்பதே மேல். பயந்துபோய் ஷெட்டுக்கு மாற்றுகிறவர்கள், வராத ஆபத்துக்குப் பதிலாக நிச்சயம் வரும் ஒன்றை வாங்கிக்கொள்கிறார்கள். அது வெயில்.

பவுடரின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். இரட்டை வகைப் பவுடரில் நைட்ரோகிளிசரினும் சேரும். இந்த நைட்ரோசெல்லுலோஸ் சும்மா இருக்கும்போதே மெல்ல மெல்லச் சிதைந்துகொண்டிருக்கும். சிதைவில் வரும் நைட்ரஜன் ஆக்சைடு அமில வாயு மேற்கொண்டு சிதைவைத் தூண்டும். இந்தச் சங்கிலியை அறுக்கத்தான் டைஃபினைல்அமீன் போன்ற ஸ்டெபிலைசரைச் சேர்க்கிறார்கள். அது அந்த வாயுவை விழுங்கிக்கொண்டே இருக்கும், ஒருநாள் தீர்ந்து போகும். குளிர்ந்த அறையில் அந்த நாள் வரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஆனால் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸுக்கும் சிதைவு வேகம் இரண்டு மடங்குக்குக் குறையாமல் ஏறும் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 20 டிகிரி அறைக்கும் 50 டிகிரித் தகர ஷெட்டுக்கும் இடையே குறைந்தது எட்டு மடங்கு. அரிசோனா பாலைவன நகரமான பீனிக்ஸில் ஜூலை மாதம் வெளியே 41 டிகிரி என்பது சாதாரணப் பகல். தகரக் கூரைக்கு அடியில் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே பாருங்கள். அதிகபட்ச, குறைந்தபட்ச அளவை நினைவில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று, ஈரப்பதமும் காட்டுவதாக வாங்கி, பவுடரை ஒரு ஜாடிகூட நகர்த்தும் முன், வருஷத்தின் மோசமான மாதத்தில் ஒரு வாரம் ஷெட்டில் விட்டு வையுங்கள். கூரைக்கு அருகில் தொங்கவிடாமல், அலமாரி வரப்போகும் உயரத்தில் வையுங்கள். உச்சம் தினமும் 35 டிகிரியைத் தாண்டினால் அந்த ஷெட் பவுடருக்கு ஆகாது. முதலில் ஷெட்டைச் சரிசெய்ய வேண்டும்: மர நிழல் விழும் பக்கம், வெள்ளைக் கூரை, கூரைக்கு அடியில் வெப்பத்தைத் திருப்பும் ஃபாயில் பலகை, எதிரெதிர்ச் சுவரின் உச்சியில் இரண்டு காற்றுத் துவாரம். அப்படியும் இறங்கவில்லையா, தோட்டாவும் காலிக் கேஸும் (தோட்டாவின் பித்தளைக் கூடு) மட்டும் ஷெட்டில், பவுடர் வீட்டில். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

அலமாரி செய்வது அரை நாள் வேலை. விதி சொல்லும் 1 அங்குலம் மரக்கடைக் கணக்கு, அங்கே 1 அங்குலப் பலகை என்று விற்பதன் உண்மைக் கனம் முக்கால் அங்குலம்தான். முக்கால் அங்குல பிளைவுட்டும் அதே கனம். மேல், கீழ், இரண்டு பக்கம் ஆகியவற்றைப் பசையும் ஸ்குரூவும் போட்டுக் கெட்டியாகச் சேர்த்துவிடுங்கள். பின்பலகையில்தான் சூட்சுமம். அதுவும் அதே முக்கால் அங்குலமாக இருக்க வேண்டும், ஆனால் பசை கூடாது, ஸ்குரூவும் கூடாது. ஒரு பக்கத்துக்கு நாலு மெல்லிய ஆணி போதும். உள்ளே அழுத்தம் ஏறினால் அந்தப் பலகை மட்டும் முதலில் கழன்று விழ வேண்டும். பலர் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, பின்பக்கத்துக்குக் கால் அங்குல ஹார்ட்போர்டு அடிக்கிறார்கள். மூட்டுதான் பலவீனமாக இருக்க வேண்டும், சுவர் இல்லை. சுவரின் கனம்தான் வெளித் தீயின் சூட்டை உள்ளே விடாமல் சில நிமிஷம் பிடித்து நிறுத்துவது.

பின்பலகை கழன்று விழ இடம் வேண்டும். ஷெட் சுவரிலிருந்து நாலு அங்குலமாவது தள்ளி வையுங்கள். கதவுப் பக்கம் ஆள் நிற்பார், அதனால் பலவீனப் பக்கம் எப்போதும் ஆளில்லாத பக்கம் பார்க்கட்டும். கான்கிரீட் தரையில் ஈரம் ஏறும், நாலு அங்குலக் கால் வைத்துத் தூக்கிவிடுங்கள். கதவில் சின்னக் கொண்டி, சின்னப் பூட்டு போதும், குழந்தைகள் திறக்காமலிருக்க. திருட்டுக்கான கனமான பூட்டு ஷெட் கதவில் இருக்கட்டும். அலமாரிக்கு வெளியே 'ஸ்மோக்லெஸ் பவுடர்' என்று தூரத்திலிருந்து தெரிகிற அளவில், அந்த ஊர் தீயணைப்புக்காரருக்குப் புரியும்படி ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள்.

ஓடாத பழைய ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்பது எப்போதும் வரும் கேள்வி. யோசனை மோசமில்லை. அமெரிக்காவில் 1956-ல் வந்த ஃபிரிட்ஜ் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, உள்ளே மாட்டிய குழந்தை தள்ளினால் கதவு திறக்க வேண்டும் என்று ஆகி, காந்தப் பட்டைக் கதவு வந்தது. அந்தக் கதவு பவுடர் வாயுவுக்கும் வழிவிடும். இன்சுலேஷனும் சும்மா கிடைக்கிறது. ஆனால் வாங்கியவுடன் அதில் கொண்டி அடித்துப் பூட்டுகிறார்களே, அங்கேதான் திரும்பவும் இரும்புப் பெட்டியாகிறது. இன்னொன்று, அது மரமில்லை, ஆகவே 20 பவுண்டுக்கு மேல் கூடாது. மின்வயரை வெட்டிவிடுங்கள். கம்ப்ரஸர் குழாயை மட்டும் நீங்களே வெட்டாதீர்கள். உள்ளே இருக்கும் குளிரூட்டும் வாயுவைக் காற்றில் விடக் கூடாது என்பது சட்டம்.

பிரைமர் பவுடர் அலமாரிக்குள் வரவே கூடாது. அதற்குத் தனிப் பெட்டி, ஷெட்டின் மறுபக்கம். பவுடர் எரியும், பிரைமர் நிஜமாகவே வெடிக்கும். கம்பெனித் தட்டில் 100 பிரைமரைத் தனித்தனிக் குழியில் வைத்து அனுப்புவது, ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பது தொற்றாமல் இருக்கத்தான். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டினால், கை தவறி விழும் ஒரு டப்பா ஒரே வெடியாக வெடிக்கலாம். கருமருந்து (பிளாக் பவுடர்) வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி: சின்னப் பொறி போதும் அதற்கு, ஸ்மோக்லெஸ் பவுடரோடு சேர்க்காதீர்கள், விதியும் வேறு.

ஷெட்டில் ஏற்கெனவே குடியிருப்பது என்ன என்று பாருங்கள். புல்வெட்டி மெஷின், பெட்ரோல் கேன், தின்னர், நீச்சல்குளத்துக் குளோரின், உர மூட்டை. பெட்ரோலும் தின்னரும் ஏன் கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை. குளோரின் தீயை ஊதிப் பெரிதாக்கும், அதோடு அதன் ஆவியே பித்தளை, இரும்பு எல்லாவற்றையும் அரிக்கும். உரத்தைப் பலர் கண்டுகொள்வதில்லை. அதற்கு நம்ம ஊர்ப் பக்கத்துச் சரித்திரமே இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேர்த்து வைத்தது. மழை விட்டு எடுத்துப் பார்த்தால் பித்தளைக் கூடுகள் கழுத்துப் பக்கம் தானாகவே கீறி விரிந்திருந்தன. 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் காரணத்தைச் சொன்னார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியா, இழுத்து உருவாக்கிய பித்தளைக்குள் தங்கியிருந்த இறுக்கத்தோடு சேர்ந்து செய்த வேலை. இன்றைக்கு லாயத்துக்குப் பதில் கோழிக்கூண்டு, உர மூட்டை, அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான். கேஸைப் பளபளப்பாக்க பிராசோ போடுகிறவர்களும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள், அதிலும் அமோனியா உண்டு.

தயார்த் தோட்டாவுக்கு எதிரி ஈரம். இங்கே அந்த ராணுவப் பெட்டி சரியான இடம், கேஸ்கெட் வெடிப்பில்லாமல் இருக்கிறதா என்று மட்டும் அழுத்திப் பாருங்கள். வறண்ட நாளாகப் பார்த்து அடைத்து, ஒரு சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு மூடினால் போதும். பவுடர் ஜாடிக்குள் மட்டும் சிலிகா ஜெல் போடாதீர்கள். பவுடரில் இருக்க வேண்டிய சிறு ஈரத்தையும் அது உறிஞ்சிவிடும், காய்ந்த பவுடர் வேகமாக எரியும், உங்கள் அளவுக் கணக்கு கெடும். குளிரில் கிடந்த பெட்டியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் உடனே திறக்கக் கூடாது. சில மணி நேரம் விட்டால் பெட்டிக்கு வெளியே வியர்த்துக் காயும், திறந்திருந்தால் அந்த வியர்வை தோட்டாவின்மேல். எடையையும் மறக்க வேண்டாம்: 9 எம்.எம். தோட்டா ஆயிரம் என்பது ஏறத்தாழ 12 கிலோ. ஷெட் சுவரில் அடித்த மெல்லிய ஷெல்ஃபில் பத்துப் பெட்டி அடுக்கினால் ஒருநாள் மொத்தமும் தரையில்.

ஒவ்வொரு ஜாடியிலும் வாங்கிய மாதம், வருஷம், திறந்த தேதி எழுதுங்கள். பழசு முன்னே, புதுசு பின்னே. வெயில்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒருமுறை மூடியைத் திறந்து, ஜாடியை மூக்கில் ஒட்டாமல், கையால் காற்றை விசிறி முகர்ந்து பாருங்கள். நல்ல பவுடரில் ஈதர், ஸ்பிரிட் மாதிரி வாசம் வரும். கெட்டது மூக்கில் ஏறிக் காந்தும் புளித்த நெடி. ஜாடியை லேசாகச் சாய்த்தால் துருப்பொடி போன்ற செம்பழுப்புத் தூசு பறக்கும், தகர டின்னாக இருந்தால் மூடியின் உள்பக்கம் துருவேறியிருக்கும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விவாதம் வேண்டாம், அன்றைக்கே மற்றவற்றிலிருந்து பிரித்துத் தண்ணீரில் மூழ்கடித்து வைத்துவிட்டு, தீயணைப்பு நிலையத்தையோ கவுன்ட்டியின் ஆபத்தான கழிவு மையத்தையோ கூப்பிடுங்கள். குப்பைத்தொட்டி வேண்டவே வேண்டாம்.

தீ பிடித்துவிட்டால் நீங்கள் அணைக்கப் போகாதீர்கள். எரியத் தேவையான ஆக்சிஜன் பவுடருக்குள்ளேயே இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடும் உலர்பொடியும் அதை மூச்சுத்திணற வைக்காது. வெளியே வந்து 911-ஐக் கூப்பிட்டு, எந்த ஷெட், உள்ளே எத்தனை பவுண்டு பவுடர், எத்தனை பிரைமர், தோட்டா உண்டா என்று சொல்லுங்கள். பெட்டியில் கிடக்கும் தோட்டா தீயில் வெடித்தால் புல்லட் குழாயிலிருந்து கிளம்புவது போலப் பாயாது. பித்தளைக் கூடு கிழிந்து துண்டுகள் சிதறும், அது கண்ணுக்கு ஆபத்து, தீயணைப்பு உடையைத் துளைக்கும் அளவுக்கு வராது. தோட்டா ஏற்றிய துப்பாக்கி உள்ளே இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். சூட்டில் அது தானாகவே சுடும், குழாய் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அந்தப் பக்கம், முழு வேகத்தில்.