ஏரி மண்ணில் ஆஸ்டெக் சூரியக்கல்

மெக்சிகோ நகரத்துப் பெரிய சதுக்கத்தில் 1790 டிசம்பர் 17 அன்று மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட சூரியக்கல், மெக்சிகோவின் பழைய ஆஸ்டெக் மக்கள் செதுக்கிய வட்டக் கல். அதன் குறுக்களவு 3.58 மீட்டர், எடை சுமார் 24 டன். அதை ஏரி மண்ணில் பதினைந்தில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தால் 24 செ.மீ. வட்டு வரும். சுவரில் மாட்ட அது போதும். எல்லாரும் பயப்படுவது செதுக்கும் வேலைக்குத்தான். ஆனால் வட்டு கெடுவது பெரும்பாலும் காயும்போது, அதிலும் வேலூர் வெயிலில்.

ஏரி வண்டலைக் குயவரிடமே கேட்டு வாங்குவது நல்லது. அதைக் காயவைத்து, இடித்து, தண்ணீரில் கரைத்து, கொசுவலைத் துணியில் வடிகட்டவும். சோம்பல்பட்டு இதைத் தவிர்த்தால் சுக்கான் கல் உள்ளே தங்கிவிடும். சூளையில் அது சுண்ணாம்பாகிவிடும். பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதி, சுட்டு வந்த சில நாளில் முகத்திலிருந்து சில்லுச் சில்லாகப் பெயரும். மண்பொடியில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, வேறு மண் தேடுங்கள்.

பிசைந்த மண் 3 கிலோவுக்கு, உடைந்த பானை ஓட்டை இடித்துச் சலித்த பொடி அரை கிலோ. ஆற்று மணலைவிட ஓட்டுப் பொடி மேல். மணலில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் 573 டிகிரி செல்சியஸில் சட்டென விரியும். இந்தக் கலவையில் ஒரு பட்டை செய்து, 10 செ.மீ. கோடு கீறி, காயவைத்துச் சுட்டு அளக்கவும். கோடு 9.1 ஆகியிருந்தால், 24 செ.மீ. வட்டுக்குப் பச்சை மண்ணில் 26.4 செ.மீ. வெட்ட வேண்டும்.

சப்பாத்திக் கட்டையால் 2 செ.மீ. கனத்துக்குத் தேய்க்கவும். ஒரே திசையில் தேய்த்தால் காயும்போது வட்டம் முட்டை வடிவாகும். தேய்க்கத் தேய்க்கத் திருப்பிப் போடுங்கள். ஓரத்தைப் பிடித்துத் தூக்கவே கூடாது. வளைந்ததை அழுத்திச் சமமாக்கினாலும் சூளையில் அதே இடத்தில் மறுபடி வளையும்.

மண் தோல்பதத்துக்கு வந்ததும், அதாவது விரல் அழுந்தாமல் நகம் மட்டும் பதியும்போது, காம்பஸால் வளையங்களைப் போடுங்கள். நடுவில் நாக்கு நீட்டிய முகம். அதைச் சுற்றி நான்கு சதுரங்கள், முடிந்துபோன நான்கு யுகங்கள்: ஜாகுவார் (அமெரிக்கச் சிறுத்தை), காற்று, மழை, நீர். அடுத்த வளையத்தில் ஆஸ்டெக் நாட்காட்டியின் 20 நாட்களுக்கான குறிகள், ஒவ்வொன்றுக்கும் 18 டிகிரி. முதலையில் தொடங்கி, காற்று, வீடு, பல்லி, பாம்பு என்று கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போய்ப் பூவில் முடியும். அச்சு வெட்டி அழுத்துபவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். அச்சில் நேராக வெட்டினால் மண்ணில் வரிசையே தலைகீழாகும். அதற்கு வெளியே ஐந்தைந்து புள்ளிகள் கொண்ட கட்டங்கள், கூர்க்கதிர்கள், விளிம்பில் இரண்டு நெருப்புப் பாம்புகள். பாம்புகளின் தலைகள் கீழே எதிரெதிராக நிற்கும். வால்கள் மேலே சந்திக்கும்.

புள்ளிகளுக்குத் தீர்ந்துபோன ரீஃபில், வட்டங்களுக்குப் பேனா மூடி, பள்ளத்துக்கு ஒடித்த ஹாக்ஸா பிளேடு. பள்ளம் 3 மி.மீ.க்குக் குறைந்தால் நிழல் விழாது. வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களைச் சாய்வெயிலில் பார்த்தால் இது புரியும். மாட்டுவதற்கு 6 மி.மீ. துளை இரண்டு இப்போதே போட்டுவிடுங்கள். சுட்ட பிறகு டிரில் வைத்தால் ஓடு பிளக்கும்.

இனிதான் பொறுமை. ஓரம் நடுவைவிடச் சீக்கிரம் காய்ந்து சுருங்கும். நடு விட்டுக்கொடுக்காது, விளிம்பிலிருந்து உள்நோக்கி வெடிக்கும், அல்லது ஓரம் அப்பளம் மாதிரி தூக்கிக்கொள்ளும். விளிம்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் பட்டை கட்டி, பிளைவுட்டில் செய்தித்தாள் விரித்து, மின்விசிறி இல்லாத அறையில் வையுங்கள். தாள் ஈரமாக ஈரமாக மாற்றவும். முதல் நான்கு நாள் முழுக்க மூடி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கவும். சித்திரை, வைகாசியில் இதைத் தொடங்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். இரண்டு வாரம் கழித்து வட்டைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அப்படியே சூளைக்குப் போனால் நீராவி அதை உடைத்துவிடும்.

கார்த்திகை அகல்விளக்குக்கோ பொங்கல் பானைக்கோ குயவர் சூளை போடும்போது இதையும் சேர்த்து வைக்கச் சொல்லலாம். படுக்க வைக்காமல், பானைகளுக்கு நடுவே சாய்த்து நிறுத்தச் சொல்லுங்கள். இரு பக்கமும் சூடு ஒரே மாதிரி ஏறும். ஓரத்தில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் வேகும். சூளை முழுக்க ஆறும் முன் எடுக்கவும் கூடாது.

வேலூர்ப் பக்கத்துக் கரிகிரி மண்பாண்டங்களில் இருக்கும் பளபளப்புப் பூச்சு இதற்குச் சரிவராது, பள்ளமெல்லாம் அடைத்துக்கொள்ளும். மூலக்கல்லில் சிவப்பும் மஞ்சள் காவியும் பூசிய தடயம் இருக்கிறது. கோலத்துக்குக் கரைக்கும் காவியைத் தண்ணியாகக் கரைத்துப் பூசி, ஈரம் காயும் முன் மேட்டுப் பகுதியை மட்டும் துணியால் துடைத்துவிடவும். பள்ளத்தில் நிறம் நிற்கும்.